இல்லங்களில் வளரும் குழந்தைகள்



இரண்டு ஆண்டுகளுக்கு முன், டில்லியில் ஒரு குளிர்காலப் பிற்பகலில், எங்கள் அலுவலகத்துக்குத் தொலைபேசியில் ஒரு வேண்டுகோள் வந்தது. தமிழ் அறிந்தவர் எவரேனும் ஓர் அரைமணி நேரம் வந்து உதவ இயலுமா என்று குழந்தைகள் இல்லம் ஒன்றிலிருந்து கேட்டார்கள். நான் மத்திய அரசாங்கத்தில் மொழிபெயர்ப்பாளனாகப் பணியாற்றுகிறவன். சட்டங்களையும் சுற்றறிக்கைகளையும் தமிழாக்குவது என் தொழில். ஒரு குழந்தையின் வாய்ச்சொல்லை மொழிபெயர்க்கும் வேலை அதுவரை எனக்கு வாய்த்ததில்லை.

அங்கே ஒன்பது அல்லது பத்து வயது மதிக்கத்தக்க சிறுவன் ஒருவன் ஐந்து வாரங்களாகத் தங்கியிருந்தான். ரயில் நிலையத்தில் தனியே திரிந்தவனைக் காவலர்கள் கொண்டுவந்து சேர்த்திருந்தார்கள். வேளைக்கு ரொட்டியும் பருப்பும் கிடைத்தன. போர்த்திக்கொள்ளக் கம்பளி இருந்தது. படுக்க இடம் இருந்தது. அவனைப் பற்றிய கோப்பில், "பெற்றோர்: தெரியவில்லை. பேச மறுக்கிறான்" என்று எழுதியிருந்தார்கள். நான் அவன் பக்கத்தில் தரையில் அமர்ந்து, "தம்பி, சாப்பிட்டியா?" என்று கேட்டேன். அவன் சட்டென்று நிமிர்ந்து பார்த்தான். "ரொட்டிதான் சார். சோறு இல்லீங்க" என்றான். அதன்பிறகு ஒரு மணி நேரம் அவன் பேச்சை நிறுத்தவில்லை.

அவன் பேச மறுத்தவன் அல்லன். அவன் பேசினால் விளங்கிக்கொள்வார் அங்கே இல்லை. அவனுக்குத் தந்தை இல்லை, தாய் இருக்கிறாள். சென்னைக்கு அப்பால் ஒரு செங்கல் சூளையில் வேலை செய்கிறாள். கூலி போதாமையால் மகனை ஓர் இல்லத்தில் விட்டிருக்கிறாள். தாயைத் தேடி அங்கிருந்து புறப்பட்ட பையன், வடக்கே செல்லும் ரயிலில் தவறுதலாக ஏறிவிட்டான்.

தாய் உயிரோடிருக்கும் பிள்ளை ஒரே ஆண்டில் இரண்டு இல்லங்களில் 'அநாதை'யாக இருந்தது எவ்வாறு? இந்தக் கேள்வி என்னை விடவில்லை. அதற்கு விடை தேடி நான் படித்தறிந்தவற்றையும், வெளிமாநிலங்களில் வாழும் நம்மவர்கள் இதில் செய்யக்கூடியவற்றையும் எடுத்துரைப்பதே இவ்வுரையின் நோக்கம்.

அநாதை என்பவர் யார்?

'அநாதை' என்னும் சொல் வடமொழியிலிருந்து வந்தது. நாதன் இல்லாதவர், அதாவது காப்பவர் இல்லாதவர் என்பது அதன் பொருள். நம் பேச்சில் அது வசைச் சொல்லாகவும் வழங்கிவருகிறது. இன்று நாட்டில் நடைமுறையில் உள்ள 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம் இச்சொல்லின் பொருளை மிகக் குறுக்கியே வரையறுக்கிறது. பெற்ற தாய் தந்தையரோ, தத்தெடுத்த பெற்றோரோ, சட்டப்படியான காப்பாளரோ இல்லாத குழந்தையும், காப்பாளர் இருந்தும் பேணும் மனமோ ஆற்றலோ அவருக்கு இல்லாத குழந்தையுமே அநாதை எனப்படும். மற்றப்படி இல்லங்களுக்கு வந்து சேரும் குழந்தைகள் அனைவருக்கும் சட்டம் தரும் பெயர் 'கவனிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் குழந்தை' என்பது. குழந்தைகள் தொடர்பான நடவடிக்கைகளில் பழிக்கும் சொற்களை வழங்கலாகாது என்பதையும் அச்சட்டம் தன் அடிப்படைக் கோட்பாடுகளில் ஒன்றாக வைத்திருக்கிறது.

இது வெறும் சொல்லாராய்ச்சி அன்று. மத்திய அரசாங்கத்தின் பெண்கள், குழந்தைகள் நல அமைச்சகம் நாடெங்கும் உள்ள இல்லங்களைக் கணக்கெடுத்து 2018இல் ஓர் அறிக்கை வெளியிட்டது. 9,589 இல்லங்கள் அதில் இடம்பெற்றன. அவற்றில் கவனிப்பும் பாதுகாப்பும் தேவைப்பட்ட குழந்தைகள் ஏறத்தாழ 3 லட்சத்து 70 ஆயிரம் பேர். அவர்களுள் அநாதைகள் என்று பதிவாகியிருந்தவர்கள் 42 ஆயிரத்துக்கும் குறைவே. தாயோ தந்தையோ ஒருவர் மட்டும் உள்ள குழந்தைகள் சுமார் 1 லட்சத்து 20 ஆயிரம் பேர். ஆக, நாம் அநாதை இல்லம் என்று அழைக்கும் இடங்களில் பெரும்பாலோர் அநாதைகள் அல்லர். அவர்களை அங்கே அனுப்பியவற்றுள் வறுமைக்குப் பெரும் பங்கு உண்டு. விதவைத் தாயின் போதாக் கூலி, தந்தையின் குடி, நெடுநாள் நோய், பள்ளி இல்லாத ஊர், வேலை தேடி இடம்பெயரும் வாழ்க்கை ஆகியவை ஒரு குழந்தையை வீட்டிலிருந்து இல்லத்துக்கு நகர்த்தப் போதுமானவை.

இல்லங்கள் தோன்றிய வரலாறு

இல்லங்களை நடத்தியோர் எல்லாரும் குறையுடையவர்கள் என்று எண்ணிவிடலாகாது. 1876 முதல் 1878 வரை தென்னாட்டை வாட்டிய பெரும் பஞ்சம் போன்ற காலங்களில், பெற்றோர் மடிந்த குழந்தைகளைத் தெருவிலிருந்து எடுத்து உயிர் காத்தவை சமயத் தொண்டர்களும் தரும சிந்தையுள்ள பெரியோரும் நிறுவிய இல்லங்களே. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையார், தேவதாசி வழக்கத்திலிருந்து தப்பிவந்த பெண்களுக்குப் புகலிடம் தர 1930இல் சென்னையில் அவ்வை இல்லத்தைத் தொடங்கினார். காமராசரின் முயற்சியால் 1949இல் சென்னை தியாகராய நகரில் பால மந்திர் தோன்றியது. அதே ஆண்டில் ஆஸ்திரிய நாட்டில் ஹெர்மன் க்மைனர் என்பவர் எஸ்.ஓ.எஸ். குழந்தைகள் கிராமம் என்ற புதிய முறையை ஏற்படுத்தினார். பெரிய கூடங்களுக்குப் பதிலாகச் சிறு சிறு வீடுகள். ஒவ்வொரு வீட்டிலும் ஒரு தாயும் சில குழந்தைகளும் என்பது அம்முறை. 1964 முதல் அது இந்தியாவிலும் வேரூன்றியது. டில்லியை அடுத்த ஃபரிதாபாதில் அத்தகைய கிராமம் ஒன்று இருப்பதைத் தலைநகரில் வாழும் நேயர்கள் பலர் அறிந்திருக்கக்கூடும்.

சட்டத்தின் வரலாற்றிலும் தமிழகத்துக்கு முதலிடம் உண்டு. இந்திய மாகாணங்களுள் முதன்முதல் குழந்தைகள் சட்டம் கண்டது சென்னை மாகாணமே. 1920ஆம் ஆண்டின் சென்னைக் குழந்தைகள் சட்டம் அது. சுதந்திரத்துக்குப் பின் 1960இல் அநாதை இல்லங்களை மேற்பார்வையிடுவதற்கென்று மத்தியச் சட்டம் ஒன்று இயற்றப்பட்டது. 1986இல் நாடு முழுமைக்குமான இளைஞர் நீதிச் சட்டம் வந்தது. ஐக்கிய நாடுகள் சபை 1989இல் ஏற்றுக்கொண்ட குழந்தைகள் உரிமை உடன்படிக்கையில் இந்தியா 1992இல் இணைந்தது. அதற்கேற்ப 2000இலும், மீண்டும் 2015இலும் சட்டம் புதுப்பிக்கப்பட்டது. தருமமாக மட்டும் எண்ணப்பட்ட ஒன்று இவ்வாறு படிப்படியாகக் குழந்தையின் உரிமையாக மாறியது.

சோறும் துணியும் போதுமா?

இல்லத்தில் வேளைக்கு உணவும், உடையும், படிப்பும் கிடைக்கின்றனவே, பிறகு குறை என்ன என்று சிலர் வினவுவர். நியாயமான வினாவே. அதற்கு விடையளிப்பவை மூன்று ஆராய்ச்சிகள்.

ரெனே ஸ்பிட்ஸ் என்ற மனநோய் மருத்துவர் 1945இல் இருவகைக் குழந்தைகளை ஒப்பிட்டு எழுதினார். ஒரு வகையினர் சிறைச்சாலையில் கைதிகளாயிருந்த தம் தாய்மாராலேயே வளர்க்கப்பட்டவர்கள். மற்றவர்கள் தூய்மையும் நல்லுணவும் மருத்துவ வசதியும் மிக்க குழந்தைகள் காப்பகம் ஒன்றில் வளர்ந்தவர்கள். ஆனால் அங்கே சுமார் எட்டுக் குழந்தைகளுக்கு ஒரு தாதிதான் இருந்தாள். எடுத்துக் கொஞ்சவும் பேசவும் எவருக்கும் நேரமில்லை. சிறையில் தாயோடு இருந்த குழந்தைகள் செழிப்பாக வளர்ந்தன. காப்பகத்துக் குழந்தைகளோ வாடின. இரண்டு ஆண்டுகளில் அவர்களுள் மூன்றில் ஒரு பங்குக்கு மேற்பட்டோர் மாண்டுபோயினர்.

இரண்டாவது, உலக சுகாதார நிறுவனத்துக்காக ஜான் பவுல்பி 1951இல் அளித்த அறிக்கை. உணவைப் போலவே, நிலையான ஒருவரின் அன்பும் குழந்தையின் மனவளர்ச்சிக்கு இன்றியமையாதது என்பதை அது உலகுக்கு உணர்த்தியது.

மூன்றாவது, ருமேனிய நாட்டில் நடந்தது. 1989இல் அங்கே ஆட்சி வீழ்ந்தபோது, ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தைகள் அரசு இல்லங்களில் அடைந்து கிடப்பது வெளியாயிற்று. பின்னர் அந்நாட்டு இல்லங்களில் இருந்த 136 மழலைகளைத் தேர்ந்து, 2000ஆம் ஆண்டு முதல் அறிஞர்கள் ஆராய்ந்தனர். பாதிப் பேர் வளர்ப்புக் குடும்பங்களில் சேர்க்கப்பட்டனர். மற்றவர்கள் வழக்கம்போல் இல்லங்களிலேயே இருந்தனர். குடும்பத்துக்குச் சென்ற குழந்தைகளின் அறிவும், பேச்சும், பிறரோடு பழகும் திறனும் மேம்பட்டன. அவர்களுள்ளும் இரண்டு வயது நிறையுமுன் குடும்பத்தை அடைந்தவர்களே மிகுந்த பயன் பெற்றனர்.

இம்மூன்றும் உரைப்பது ஒன்றே. இல்லத்தின் குறை பெரும்பாலும் பணியாளரின் கல்மனம் அன்று. அதன் அமைப்பிலேயே உள்ளது. காலையில் ஒருவர், மாலையில் வேறொருவர், அடுத்த ஆண்டில் மற்றொருவர் என்று ஆட்கள் மாறிக்கொண்டிருக்கும் இடத்தில், 'இவர் எனக்கு உரியவர்' என்ற உறுதி குழந்தைக்கு ஏற்படுவதில்லை. மழலைப் பருவத்தில் அது கிடைக்கவில்லையெனில், பின்னர் ஈடு செய்வது கடினம். இதனால்தான் இந்தியச் சட்டம், குழந்தையை இல்லத்தில் சேர்ப்பது கடைசி வழியாகவே இருக்கவேண்டும் என்று விதிக்கிறது. வறுமை ஒன்றையே காரணமாகக் காட்டிக் குழந்தையைக் குடும்பத்திலிருந்து பிரிக்கலாகாது என்று ஐக்கிய நாடுகள் சபையும் 2009இல் வழிகாட்டு நெறிகளை வகுத்தது.

சட்டம் செயற்படும் முறை

தனித்துத் திரியும் குழந்தையைக் கண்டவர் எவராயினும், 24 மணி நேரத்துக்குள் 1098 என்ற குழந்தைகள் உதவித் தொலைபேசிக்கோ, அருகிலுள்ள காவல் நிலையத்துக்கோ, குழந்தைகள் நலக் குழுவுக்கோ, மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகுக்கோ தெரிவிக்கவேண்டும். தெரிவியாமல் குழந்தையைத் தம்மிடமே வைத்துக்கொள்வது, நல்லெண்ணத்தோடு செய்யப்பட்டாலும், குற்றமாகும். மீட்கப்பட்ட குழந்தையைப் பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் குழந்தைகள் நலக் குழுவின் முன் கொண்டுவர வேண்டும்.

இந்தக் குழுவே இவ்வேற்பாட்டின் அச்சாணி. மாவட்டந்தோறும் ஒன்றேனும் இருக்கவேண்டிய இக்குழுவில் ஒரு தலைவரும் நான்கு உறுப்பினரும் உண்டு. முதல்வகுப்பு நீதித்துறை நடுவர்களுக்குரிய அதிகாரம் இதற்கு வழங்கப்பட்டிருக்கிறது. மாதத்தில் 20 நாட்களேனும் இது கூடவேண்டும். குழந்தையின் குடும்பம், ஊர், பிரிந்த காரணம் ஆகியவற்றை ஆராய்ந்து 15 நாட்களில் ஓர் அறிக்கை இதனிடம் வரவேண்டும். குழந்தையை முதலில் முன்னிலைப்படுத்திய நாளிலிருந்து நான்கு மாதங்களுக்குள் முடிவான ஆணை பிறப்பிக்கவேண்டும். பெற்றோரிடம் திரும்ப ஒப்படைப்பது முதல் வழி. அது இயலாவிடில் மட்டுமே ஏனைய வழிகள்.

இல்லத்தில் தங்க நேர்ந்த குழந்தைக்கும் உரிமைகள் உண்டு. ஒவ்வொரு குழந்தைக்கும் தனியே பராமரிப்புத் திட்டம் ஒன்று எழுதப்பட வேண்டும். ஏழு பேருக்கு ஒரு கழிவறை, பத்துப் பேருக்கு ஒரு குளியலறை என்ற அளவில் வசதி வேண்டும். குழந்தைகளே உறுப்பினராயுள்ள குழு ஒன்றும், அவர்கள் தம் குறைகளை எழுதிப் போடுவதற்கு அலுவலக அறைக்கு அப்பால் ஒரு பெட்டியும் இருக்கவேண்டும். மருத்துவரையும் பெண் உறுப்பினரையும் உள்ளிட்ட ஆய்வுக் குழு மூன்று மாதங்களுக்கு ஒருமுறையேனும் வந்து பார்வையிட வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, தன்னைப் பற்றிய முடிவுகளில் தன் கருத்தைக் கூறும் உரிமை குழந்தைக்கு உண்டு. தன் மொழி புரியாத ஓரிடத்தில் இவ்வுரிமை எட்டுணையும் பயன்படாது என்பதை, அந்த ஐந்து வார மௌனத்தைக் கண்டபோது நான் உணர்ந்தேன்.

காகிதமும் நடைமுறையும்

சட்டம் இருந்தும் எல்லா இல்லங்களும் அதன்படி நடந்தனவா? இல்லை என்பதைத் துயரத்தோடு ஒப்புக்கொள்ள வேண்டும். தமிழகத்தின் கடற்கரை ஊர் ஒன்றிலிருந்த இல்லங்களில் குழந்தைகள் பாலியல் கொடுமைக்கு ஆளாவதாக ஒரு நாளிதழில் வந்த செய்தியைச் சுட்டி, 2007இல் உச்ச நீதிமன்றத்துக்கு ஒரு கடிதம் எழுதப்பட்டது. நீதிமன்றம் அதையே வழக்காக ஏற்றது. பத்தாண்டு விசாரணைக்குப் பின், 2017 மே 5ஆம் நாள் நீதிபதிகள் மதன் லோகுர், தீபக் குப்தா ஆகியோர் தீர்ப்பளித்தனர். நாட்டிலுள்ள எல்லா இல்லங்களும் அந்த ஆண்டு முடிவதற்குள் பதிவு பெறவேண்டும், ஒவ்வொரு குழந்தைக்கும் பராமரிப்புத் திட்டம் எழுதப்பட வேண்டும் என்று ஆணையிட்டனர். ஒரு கடிதம் எத்தனை இல்லங்களின் கதவைத் திறந்துவிட்டது பாருங்கள்! பதிவு செய்யாமல் இல்லம் நடத்துவோருக்கு இன்று ஓராண்டு வரை சிறையோ, ஒரு லட்சம் ரூபாய்க்குக் குறையாத அபராதமோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். 2021இல் செய்யப்பட்ட திருத்தம், இல்லங்களைக் கண்காணிக்கும் பொறுப்பில் மாவட்ட ஆட்சியருக்கு முக்கிய இடம் தந்தது.

குடும்பத்தைத் தாங்கும் வழிகள்

இல்லத்துக்கு மாற்று என்ன? மூன்று வழிகள் உள்ளன.

முதலாவது நிதி ஆதரவு. வறுமையால் பிள்ளையைப் பிரியும் நிலையிலுள்ள தாய்க்கு, பிள்ளையை வீட்டிலேயே வைத்து வளர்க்கப் பணம் தருவது. 'மிஷன் வாத்சல்யா' என்ற மத்தியத் திட்டத்துக்கு 2022இல் வெளியான நெறிமுறைகள், தகுதியுள்ள குழந்தை ஒன்றுக்கு மாதம் 4,000 ரூபாய் என்று இதற்கு வகை செய்தன. இல்லம் ஒன்றில் குழந்தையின் பராமரிப்புக்கு அதே நெறிமுறைகள் ஒதுக்கிய தொகை மாதம் 3,000 ரூபாய். கட்டடம், பணியாளர் சம்பளம் ஆகியவை அதற்குப் புறம்பான செலவு. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால், பிள்ளையைத் தாயிடம் வளரச் செய்வது அரசாங்கத்துக்கும் இலாபமே. செங்கல் சூளைத் தாய் இத்தகைய உதவி ஒன்று உண்டு என்பதை அறிந்திருக்கவில்லை. அறிந்தவர் எவரும் அவளுக்குச் சொல்லவும் இல்லை.

இரண்டாவது வளர்ப்புப் பராமரிப்பு. பெற்றோரால் பேண இயலாத குழந்தையை, குழுவின் ஆணைப்படி மற்றொரு குடும்பம் குறிப்பிட்ட காலத்துக்கு ஏற்று வளர்ப்பது இது. 2024ஆம் ஆண்டின் மாதிரி நெறிமுறைகள், மணமாகாதவர், துணையை இழந்தவர் போன்ற தனிநபர்களும் இதற்கு முன்வர வாய்ப்பளித்தன.

மூன்றாவது தத்தெடுப்பு. இல்லங்களிலுள்ள குழந்தைகளைப் பொறுத்தவரை, மத்திய தத்துவள ஆதார ஆணையத்தின் வழியாகவே இது நடைபெற வேண்டும். குழந்தை தத்துக்கு உரியது என்று குழந்தைகள் நலக் குழு அறிவித்த பின்னரே தத்துத் தர இயலும். மனமுவந்து குழந்தையை ஒப்படைத்த பெற்றோருக்கும் தம் முடிவை மாற்றிக்கொள்ள இரண்டு மாத அவகாசம் உண்டு. 2024-25இல் இவ்வாறு சுமார் 4,500 குழந்தைகள் புதிய பெற்றோரை அடைந்தனர். வரிசையில் காத்திருக்கும் பெற்றோர் இதனினும் பன்மடங்கு. அவர்களுள் பலரும் சிறு மழலைகளையே விரும்புவதால், வளர்ந்த பிள்ளைகளும் உடற்குறை உள்ளவர்களும் இல்லங்களிலேயே தங்கிவிடுகின்றனர். மருத்துவமனையிலோ வேறிடத்திலோ பணம் கொடுத்துக் குழந்தையைப் பெறுவது தத்தெடுப்பு அன்று. அது குழந்தை விற்பனை. அதற்கு ஐந்தாண்டு வரை கடுங்காவல் தண்டனை உண்டு.

இல்லத்தில் வளர்ந்த பிள்ளைக்குப் பதினெட்டு வயது நிறையும்போது மற்றொரு சோதனை காத்திருக்கிறது. நம் வீட்டுப் பிள்ளைகள் அவ்வயதில் கல்லூரியில் நுழைகிறார்கள். தோல்வியுற்றால் திரும்பிவர வீடு இருக்கிறது. இல்லத்துப் பிள்ளையோ அந்நாளில் வெளியேற வேண்டியவன். கையில் ஒரு பெட்டி, முகவரி இல்லை, உத்தரவாதம் அளிக்க ஆள் இல்லை. இவர்களுக்கு 21 வயது வரையிலும், தனிக் காரணங்கள் இருப்பின் 23 வயது வரையிலும் பின்னுதவி வழங்கச் சட்டவிதிகள் இடமளிக்கின்றன. ஆயினும் ஒரு வேலைக்கு அறிமுகம் செய்விப்பதும், வாடகைக்கு ஓர் அறை பிடித்துத் தருவதும், பண்டிகை நாளில் சாப்பிட அழைப்பதும் அரசாங்கத்தால் இயல்பவை அல்ல. அவை நம்மால் இயல்பவை.

நாம் செய்யத்தக்கவை

பிறந்தநாளன்றும் திதியன்றும் இல்லக் குழந்தைகளுக்கு உணவளிக்கும் பழக்கம் நம்மிடையே உண்டு. நல்ல எண்ணத்தில் பிறந்த வழக்கமே. ஆனால் சற்று எண்ணிப் பாருங்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை இரண்டு விருந்துகள், அடுத்த பத்து நாட்களுக்கு ஒருவரும் இல்லை. புதிய முகங்கள் வருகின்றன, வரிசையில் நிற்கச் சொல்கிறார்கள், பாடச் சொல்கிறார்கள், புகைப்படம் எடுத்துக்கொண்டு போகிறார்கள். மீண்டும் வருவதில்லை. அன்பு என்பது வந்து மறைந்துபோகும் ஒன்று என்ற பாடத்தையே அக்குழந்தை இதிலிருந்து கற்கிறது. அக்குழந்தைகளின் அடையாளத்தை ஊடகங்களில் வெளிப்படுத்துவதைச் சட்டமும் தடுக்கிறது. புகைப்படத்தை ஊரறியப் பரப்புவது எவ்வகையிலும் தருமமாகாது.

ஆகவே இல்லம் ஒன்றுக்கு உதவ முற்படும் அன்பர்கள் முதலில் சில கேள்விகளைக் கேட்கட்டும். இளைஞர் நீதிச் சட்டத்தின்கீழ் இந்த இல்லம் பதிவு பெற்றதா? இக்குழந்தைகளுள் எத்தனை பேருக்குப் பெற்றோர் உண்டு? அவர்கள் வந்து பார்க்க வழி உண்டா? சென்ற ஆண்டு எத்தனை பேர் வீடு திரும்பினர்? பதினெட்டு நிறைந்தவர்கள் எங்கே போனார்கள்? நேர்மையாக நடக்கும் இல்லத்தார் இவற்றுக்கு முகம் சுளிக்கமாட்டார்கள். பதிவு இல்லாத இல்லம் என்று தெரியவந்தால் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகுக்கு அறிவிப்பது நம் கடமை.

அடுத்து, ஒரு வேளை விருந்தைவிட ஓராண்டுத் தொடர்பு மேலானது. வாரம் ஒருமுறை, அதே கிழமையில், அதே நேரத்தில் சென்று ஒரு பிள்ளைக்குக் கணக்குச் சொல்லித் தருவது பத்து விருந்துகளுக்குச் சமம். வரமுடியாத வாரத்தை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

இறுதியாக, வெளிமாநிலத் தமிழர்களாகிய நமக்கே உரிய தொண்டு ஒன்று உண்டு. டில்லி, மும்பை, கொல்கத்தா, பெங்களூரு, ஆமதாபாத் என்று நாம் வாழும் நகரங்கள் யாவும் பெரிய ரயில் நிலையங்களை உடையவை. 2018 முதல் 2024 மே வரையிலான காலத்தில் மட்டும், ரயில்வே பாதுகாப்புப் படையினர் நிலையங்களிலும் வண்டிகளிலும் 84 ஆயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளை மீட்டிருக்கிறார்கள். இவ்வாறு மீட்கப்படும் பிள்ளைகளுள் தமிழ் மட்டுமே தெரிந்தவர்களும் இருப்பார்கள். வேற்று மாவட்டத்துக் குழந்தையை, அதன் சொந்த மாவட்டத்துக் குழுவோடு கலந்து, தக்க துணையுடன் ஊருக்கு அனுப்பச் சட்டம் வழி செய்திருக்கிறது. ஆனால் ஊர் எதுவென்று குழந்தை சொல்லவேண்டும். சொல்வதை ஒருவர் விளங்கிக்கொள்ள வேண்டும்.

உங்கள் ஊர்த் தமிழ்ச் சங்கத்தில் நான்கைந்து பேர் சேர்ந்து, "தமிழ் பேசும் குழந்தை வந்தால் எங்களை அழையுங்கள், எந்நேரமும் வருகிறோம்" என்று குழந்தைகள் நலக் குழுவுக்கும் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகுக்கும் ஒரு கடிதம் எழுதிக் கொடுக்கலாகாதா? பெயரும் தொலைபேசி எண்ணும் போதும். இதற்கு நிதி திரட்ட வேண்டியதில்லை, மேடை வேண்டியதில்லை. தாய்மொழி தெரிந்திருந்தால் போதும். அவ்வாறே, தமிழகத்தில் வேலைக்கு வந்திருக்கும் வடநாட்டுத் தொழிலாளரின் பிள்ளை ஒன்று அங்குள்ள இல்லத்தில் வாய் திறவாமல் அமர்ந்திருக்கக்கூடும். இந்தி, வங்காளம், ஒடியா அறிந்து ஊர் திரும்பும் நம்மவர்கள் அங்கே இதே தொண்டைச் செய்யலாம்.

அந்தச் சிறுவன் சொன்ன அடையாளங்களைக் கொண்டு, டில்லிக் குழு அவன் ஊர்ப் பக்கத்துக் குழுவுக்கு எழுதியது. அங்குள்ளவர்கள் சூளையில் தாயைக் கண்டுபிடித்தார்கள். அவள் பெயரை மாத உதவிக்குப் பரிந்துரைத்தார்கள். சில வாரங்களில் துணைக்கு ஆளோடு அவனை ரயிலேற்றினோம். புறப்படுமுன், "சார், வழியில சோறு குடுப்பாங்களா?" என்று கேட்டான். விஜயவாடா தாண்டினால் நிச்சயம் கிடைக்கும் என்றேன். அவன் கோப்பை முடித்துவைக்கும்போது இல்லத்து அலுவலர், "பெற்றோர்: தெரியவில்லை" என்ற வரியை அடித்துவிட்டு, "தாய் இருக்கிறாள்" என்று எழுதினார்.

அவ்வரியை மாற்றத் தேவைப்பட்டது ஒரு மணி நேரமும் ஒரு மொழியும் மட்டுமே. ஐந்து வாரம் தாமதித்து அது கிடைத்தது. நம் நகரங்களில் அடுத்த குழந்தைக்கு முதல் நாளிலேயே அது கிடைக்குமாறு செய்வது நம் கையில் இருக்கிறது.